ஃபயர்ஃப்ளை பெட்டியிலிருந்து மெய்க்டிலா ஷெர்மன்: உடலை வெட்டுவதா, டரெட்டை மாற்றுவதா?

தட்டோன் தம்பி | 3 ஜூன் 2024, இரவு 9.40

கையில் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் மாடல் டாங்குப் பெட்டி, இரண்டும் 1/35 (அசலில் 35இல் ஒரு பங்கு அளவு): டிராகன் கம்பெனியின் ஷெர்மன் ஃபயர்ஃப்ளை விசி ஒன்று, டாமியா கம்பெனியின் எம்4 ஷெர்மன் (75 மி.மீ. பீரங்கி) ஒன்று. உலகப் போரில், 1945 மார்ச்சில் நடு பர்மாவின் மெய்க்டிலாவில் ஓடிய டாங்கு வேண்டும். ஃபயர்ஃப்ளையை அப்படியே கட்டி இந்தியப் படையின் குறிகளைப் போட்டால் சரியாகுமா? இல்லை டாமியாவைத்தான் கட்டணுமா? இரண்டையும் திறந்து ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கேன், ஒரு துண்டுகூட ஒட்டவில்லை.

பெகு பட்டறை | 3 ஜூன், இரவு 10.25

ஒட்டாமல் இருந்தது நல்லதாப் போச்சு. இரண்டுமே தனித்தனியாத் தப்பு, சேர்ந்தால் சரி.

ஃபயர்ஃப்ளையின் 17 பவுண்டர் பீரங்கி வடமேற்கு ஐரோப்பாவுக்கும் இத்தாலிக்கும் போனது. பர்மாவுக்கு வரவில்லை. அதனால் அந்த நீளக் குழாய் மெய்க்டிலாவில் நிற்கக் கூடாது. 255வது இந்திய டாங்கு பிரிகேட் கொண்டுவந்தது ஷெர்மன் V, அதாவது எம்4ஏ4. அதில் 75 மி.மீ. பீரங்கி. உங்க டாமியா எம்4இல் பீரங்கி சரி, டரெட் (மேலே சுழலும் பீரங்கிக் கூடு) சரி, உடல் தப்பு.

ஃபயர்ஃப்ளை "விசி" என்ற பெயரிலேயே விடை இருக்கு. V என்றால் எம்4ஏ4 உடல், சி என்றால் 17 பவுண்டர். சி-யைக் கழற்றிவிட்டால் மிச்சம் ஷெர்மன் V. டிராகன் உடல், டாமியா டரெட். அவ்வளவுதான் திட்டம். மற்றதெல்லாம் சேர்க்கிற இடத்து வேலை.

மோல்மீன் 35 | 4 ஜூன், காலை 7.10

இவ்வளவு எதுக்கு? டாமியா எம்4 உடலையே பின்னால் அறுத்து 8 மி.மீ. துண்டு வெச்சு நீட்டினால் எம்4ஏ4 ஆயிடும். ஃபயர்ஃப்ளையை ஃபயர்ஃப்ளையாவே கட்டலாம். விலை கூடின பெட்டியை ஏன் சிதைக்கணும்?

பெகு பட்டறை | 4 ஜூன், இரவு 8.50

இந்த எட்டு மில்லிமீட்டர் கணக்கு ரொம்ப நாளாச் சுத்துது. நீளம் கிட்டத்தட்டச் சரி. வைக்கிற இடம்தான் தப்பு.

எம்4ஏ4 ஏன் நீளம்? கிரைஸ்லர் கம்பெனி ஐந்து கார் எஞ்சினை ஒரே தண்டில் கோத்து 30 சிலிண்டர் ஆக்கியது. அந்த மூட்டை பழைய அறைக்குள் அடங்கவில்லை. உடலை நீட்டினதும் சக்கரங்களைத் தள்ளி வைக்க வேண்டி வந்தது. ஆகவே பின்பக்கம் மட்டும் நீளவில்லை. மூன்று போகிக்கும் (சக்கர ஜோடியைத் தாங்கும் சட்டம்) நடுவில் உள்ள இரண்டு இடைவெளியும் அகன்றுபோச்சு. பக்கவாட்டில் பார்த்தவுடன் எம்4ஏ4 என்று சொல்ல வைப்பதே அந்த இடைவெளிதான். மற்ற ஷெர்மன்களில் போகிகள் நெருங்கி நிற்கும், இதில் தள்ளித் தள்ளி நிற்கும்.

கணக்கு இதோ. தரையைத் தொடும் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) நீளம் எம்4இல் 147 அங்குலம், எம்4ஏ4இல் 160. வித்தியாசம் 13 அங்குலம், அதாவது 330 மி.மீ. 35ஆல் வகுத்தால் 9.4. இரண்டு இடைவெளிக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 4.7 மி.மீ. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். எம்4க்கு ஒரு பக்கம் 79 டிராக் கண்ணி, எம்4ஏ4க்கு 83. நாலு கண்ணி கூடுதல், கண்ணிக்கு 6 அங்குலம், மொத்தம் 24. மேலே பாதி, கீழே பாதி என்றால் முன் பல்சக்கரத்துக்கும் பின்னால் டிராக்கைத் திருப்பிவிடும் ஐட்லர் சக்கரத்துக்கும் நடுவில் 12 அங்குலம், அளவில் 8.7 மி.மீ. இரண்டு கணக்கும் அருகருகே வந்து நிற்குது.

பின்னால் மட்டும் துண்டு வெச்சால் போகிகள் எம்4 மாதிரியே நெருங்கி நிற்கும், ஐட்லர் மட்டும் வெகுதூரம் போயிடும். டிராக் மாட்டும்போது அந்தக் கோணல் தெரியும், அப்போ திரும்ப வழி இருக்காது.

இதோடு முடியவில்லை. எம்4இல் காற்றில் குளிரும் வட்ட எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது. எம்4ஏ4இல் ரேடியேட்டரும் விசிறியும் உண்டு. அவை இடிக்காமல் இருக்க எஞ்சின் மேல்தளத்தில் டரெட்டுக்குப் பின்னால் ஒரு புடைப்பு, வயிற்றுத் தட்டில் ஒரு புடைப்பு. மேல்தளம் முழுக்க வேற, பின்தட்டு வேற. நீட்டுகிறவர் இவ்வளவையும் கையால் செய்யணும். டிராகன் பெட்டியில் இவை அச்சிலேயே வந்திருக்கு.

டரெட்டைக் கழற்றி மாட்டலாம். உடலை அப்படி முடியாது. எந்த டாங்குக்கும் முதலில் உடலைத் தேர்ந்தெடுங்க, அப்புறம் மற்றது.

மோல்மீன் 35 | 5 ஜூன், காலை 6.55

போகி இடைவெளி விஷயத்தை ஒத்துக்கிறேன். 147, 160 இரண்டையும் வெச்சு அளவுகோலில் பார்த்தேன், நீங்க சொன்னது சரி. முந்தைய குறிப்பைத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும், படிக்கிறவர்களுக்கு எங்கே தப்பு என்று தெரியும்.

ஆனா ஃபயர்ஃப்ளை கிடைக்காதவர் இருப்பார். அவருக்கு: அடி உடலை இரண்டு இடத்தில் அறுக்கணும், முதல் போகிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். அறுப்பதற்கு முன்னாலேயே தரைத்தட்டின் நடுவில் ஒரு நேர்கோடு கீறி வையுங்க. ஒட்டும்போது அந்தக் கோடு மூன்று துண்டிலும் ஒரே நேராக ஓடணும், இல்லாட்டி உடல் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும். உள்பக்கம் 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் 20 மி.மீ. அகலப் பட்டி வெச்சுத் தாங்கல் கொடுங்க. வெளியே புட்டியை (இடைவெளி அடைக்கும் பசை மாவை) நம்பாதீங்க, அது மூட்டு இல்லை, பூச்சுதான்.

டாமியா எம்4 எடுத்தால் சக்கரத்துக்கு மேலே உள்ள பக்க அறைகளின் அடி திறந்தே இருக்கும். டிராக்குக்கு மேலே எட்டிப் பார்த்தால் உடலுக்குள் வெளிச்சம் தெரியும். அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்து, பிறகு 0.5 மி.மீ. ஷீட்டில் மூடுங்க. இது போகி ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

பெகு பட்டறை | 5 ஜூன், இரவு 9.15

ஷீட் பற்றி. மாடலுக்கென்று விற்கும் ஷீட் ரங்கூனில் எந்நேரமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தயிர்க் கப்பு, குளிர்பானக் கடை மூடி, இதுகளின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், கிட் பிளாஸ்டிக்கும் அதே இனம். ஒரு ஓரத்தில் லிக்விட் சிமென்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) ஒரு சொட்டு விட்டு விரலால் தொடுங்க, பிசுபிசுன்னு இளகினால் ஒட்டும். விளம்பரப் பலகை ஷீட் பெரும்பாலும் பிவிசி, அது இளகாது, சூப்பர் குளூதான் பிடிக்கும்.

மெல்லிய வெட்டுக்கு மாடல் ரம்பத்தைவிட நகைப் பட்டறை ரம்பம் மேல். ஆசாரிகளுக்குச் சாமான் விற்கிற கடையில் 4/0 இழை கேளுங்க, டஜனாக் கொடுப்பாங்க. பிளாஸ்டிக்கில் வேகமா இழுத்தால் சூடேறி, அறுத்த இடம் பின்னாலேயே உருகி ஒட்டிக்கும். சோப்புக்கட்டியில் ஒரு தரம் இழுத்துட்டு மெதுவா அறுக்கணும்.

தட்டோன் தம்பி | 11 ஜூன், இரவு 10.05

டிராகன் அடி உடல், மேல் உடல் ஒட்டியாச்சு. டாமியா டரெட்டை வெச்சுப் பார்த்தால் உட்காரவே இல்லை. டரெட்டை உடலில் பூட்டும் காது இரண்டும் வேற இடத்தில் இருக்கு. காதை வெட்டினால் டரெட் ஆடுது, கவிழ்த்தால் விழுது. அப்படியே ஒட்டிடலாமாண்ணே?

பெகு பட்டறை | 12 ஜூன், காலை 6.30

ஒட்டாதீங்க தம்பி. ஒட்டின டரெட்டுக்குக் கீழே தூசிப் பூச்சு போட முடியாது, பெயின்ட் பிசிறு எடுக்க முடியாது.

உண்மை ஷெர்மனின் டரெட் வளையம் 69 அங்குலம். 35ஆல் வகுத்தால் 50 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூடுதல். எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த அளவைச் சுற்றியேதான் வரும், அதனால் அடிப்படையில் பொருந்தும். சண்டை காதுகளிலும் வளையத்தின் தடிப்பிலும்தான்.

வழி இது. காதுகளை நிப்பரில் ஒட்ட வெட்டாதீங்க, ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி 400 உப்புத்தாளில் தேய்ச்சுச் சமப்படுத்துங்க. ஒட்ட வெட்டினால் வளையத்திலிருந்தே ஒரு சில்லு பிய்ஞ்சு வரும். பிறகு வெர்னியரில் டரெட் வளையத்தின் வெளிவிட்டத்தை நாலு திசையில் அளங்க, உடல் ஓட்டையின் உள்விட்டத்தையும் அதே மாதிரி. நாலு அளவும் ஒன்றா இருக்காது, அச்சிலிருந்து எடுக்கும்போதே லேசா நீள்வட்டம் ஆகியிருக்கும். சின்ன வித்தியாசத்தை எடுத்துக்கோங்க. 0.6 வந்தால் சுற்றிலும் 0.3 வேணும்.

0.25 மி.மீ. ஷீட்டில் 2 மி.மீ. அகலத்தில் நாடா வெட்டுங்க. 50இன் சுற்றளவு 157, அதனால் 165 நீளம் எடுத்தால் கை வைக்க இடம் கிடைக்கும். வெந்நீரில் பத்து விநாடி முக்கி ஒரு பாட்டிலில் சுற்றி ஆறவிட்டால் வளைவு நின்னுடும். டரெட் வளையத்தில் சுற்றி, மெல்லிய சிமென்டை ஒரு ஓரத்திலிருந்து பிரஷ் நுனியால் தொட்டுக்கொண்டே போங்க, தானா உள்ளே ஓடும். நாடா முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, முட்டி நிற்கணும். மூட்டு பீரங்கிப் பக்கம் வராமல் பின்பக்கம் வரட்டும். ஒரு நாள் விடுங்க. அப்புறம் 600 தாளில் சுற்றிச் சுற்றித் தேய்ச்சு, வெச்சால் தன் பாரத்திலேயே இறங்கி, திருப்பினால் லேசா இழுவை கொடுக்கிற நிலைக்குக் கொண்டுவாங்க.

கவிழ்த்தால் விழாமல் இருக்க 5க்கு 2 மி.மீ. காந்தம் இரண்டு ஜோடி. டரெட் அடியில் ஒன்று, உடல் கூரைக்கு உள்ளே ஒன்று, ஐந்து நிமிட எபாக்ஸியில். ஒட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் இழுக்குது என்று மார்க்கரில் புள்ளி வையுங்க. தலைகீழா ஒட்டிட்டால் டரெட் மிதக்கும், எபாக்ஸியைக் கிளற வேண்டி வரும்.

பெகு பட்டறை | 12 ஜூன், இரவு 9.40

காலைக் குறிப்பில் ஒன்று விட்டுப்போச்சு, முக்கியமானது. நாடா ஒட்டும் முன் டரெட்டை வெச்சு முழுச் சுற்று சுற்றிப் பாருங்க. மேல்தளத்துப் புடைப்பு பற்றிச் சொன்னேனே, டரெட்டின் பின்வால் அதன் மேலேயே போகுது. டாமியா டரெட் அரை மில்லிமீட்டர் தாழ்வா உட்கார்ந்தால் வால் புடைப்பை உரசும். அப்படி உரசினால் புடைப்பைத் தேய்க்காதீங்க. எம்4ஏ4இன் அடையாளமே அதுதான். வளையத்தின் தோளில், அதாவது டரெட் உடல் கூரையில் உட்காரும் விளிம்பில், 0.25 ஷீட்டில் ஒரு வளையம் வெட்டி ஏற்றுங்க. ரொம்பவும் ஏற்றினால் டரெட்டுக்குக் கீழே இருட்டுக் கீற்று தெரியும். ஒரு அட்டை நுழைகிற இடைவெளி போதும்.

தாலா ஓடம் | 13 ஜூன், மதியம் 1.20

டரெட்டில் லோடருக்கு (குண்டு ஏற்றும் ஆளுக்கு) தனி மூடி வேணுமா? என் படத்தில் தெரியவில்லை.

பெகு பட்டறை | 13 ஜூன், இரவு 8.00

வேண்டாம். எம்4ஏ4 தயாரிப்பு 1942இல் தொடங்கி 1943க்குள் முடிஞ்சுது, மொத்தம் 7,499. 75 மி.மீ. டரெட்டில் லோடருக்கு முட்டை வடிவ மூடி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த எம்4ஏ4 என்றால் கமாண்டரின் இரட்டைக் கதவு மூடி மட்டும். உங்க டரெட்டில் முட்டை மூடி இருந்தால், அதே பிளாஸ்டிக்கின் ஸ்ப்ரூவை (துண்டுகள் ஒட்டி வரும் சட்டக் குச்சியை) சிமென்டில் கரைச்ச கூழால் அடைச்சு, மூன்று நாள் விட்டுத் தேயுங்க. மறுநாளே தேய்ச்சால் மேலே சமமா இருக்கும், பெயின்ட் அடிச்ச பிறகு உள்ளே சுருங்கி, பழைய வட்டம் பள்ளமாத் திரும்பி வரும்.

கூழ் செய்முறை: பாதி காலியான சிமென்ட் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் பொடியா வெட்டின ஸ்ப்ரூ. இரவு முழுக்க மூடி வெச்சால் தேன் பதம்.

மோல்மீன் 35 | 15 ஜூன், காலை 7.30

முன்தட்டு மெஷின்கன் பற்றி யாரும் பேசவில்லையே. ஃபயர்ஃப்ளையில் முன் கன்னருக்கு இடம் இல்லை. அந்த இடத்தில் 17 பவுண்டர் குண்டு வெச்சாங்க, ஓட்டைக்கு மேலே இரும்பு அடைப்பு போட்டாங்க. ஷெர்மன் Vஇல் அங்கே பந்து மூட்டில் பிரவுனிங் இருக்கணும். தம்பி அடைப்பை ஒட்டிடப்போறார்.

தட்டோன் தம்பி | 15 ஜூன், காலை 9.05

ஒட்டவில்லை. நல்ல வேளை. அடைப்பு தனித் துண்டுதான், அதற்குக் கீழே மொட்டைத் தட்டு. பந்து எங்கே கிடைக்கும்?

பெகு பட்டறை | 15 ஜூன், இரவு 10.30

டாமியா முன்தட்டிலிருந்து. அங்கே பந்தைத் தாங்கும் வார்ப்புப் புடைப்பு மேல் உடலோடு சேர்ந்தே வந்திருக்கும், அதை அறுத்து எடுக்கணும். பயப்பட வேண்டாம், இந்த மாடலிலேயே ரொம்ப மனநிறைவு தரும் வேலை இதுதான்.

புடைப்பைச் சுற்றி 2 மி.மீ. தள்ளி பென்சில் கோடு. ஒரு மூலையில் 1 மி.மீ. துளை போட்டு நகை ரம்ப இழையை நுழைச்சு அறுத்து எடுங்க. துண்டு கையில் வந்ததும், கண்ணாடி மேல் 240 தாளை ஒட்டி, துண்டின் முதுகை அதில் வட்டமாத் தேயுங்க. விரலில் அது நழுவும், இரட்டைப் பக்க டேப்பில் ஒரு தடித்த குச்சியை ஒட்டிப் பிடிச்சுக்கோங்க. அடிக்கடி விளக்குக்கு எதிரில் பிடிச்சுப் பாருங்க. தட்டுப் பகுதி வழியா வெளிச்சம் மஞ்சளா ஊடுருவத் தொடங்கினால் 0.3 மி.மீ.க்கு வந்தாச்சு. அப்புறம் 600 தாள். சுற்றியிருந்த தட்டு மேலாடை மாதிரி உரிஞ்சு வரும், புடைப்பு மட்டும் மிஞ்சும்.

டிராகன் முன்தட்டில் அடைப்புக்கான குறி எங்கே இருக்கோ அதே இடத்தில் அதை ஒட்டுங்க. பிறகு வெல்டிங் கோடு. ஸ்ப்ரூவை மெழுகுவத்தியில் இழுத்து 0.3 மி.மீ. நூல் எடுத்து, புடைப்பின் ஓரத்தைச் சுற்றி வெச்சு, சிமென்ட் தடவி இரண்டு நிமிடம் விடுங்க. நூல் வேகவெச்ச சேமியா மாதிரி இளகும். அப்போ கத்தி முனையால் அடுத்தடுத்து லேசா அழுத்திக்கொண்டே போங்க. வெல்டர் விட்டுப் போன பிறை பிறையான வரி அப்படியே விழும்.

எஞ்சின் மேல்தளத்தில் 17 பவுண்டர் குழாயைத் தாங்கும் கவைக்கு இடம் இருக்கும். அதைப் போடாதீங்க, துளைகளைக் கூழால் அடைச்சிடுங்க. சின்னத் துளைதானே என்று விட்டால் வாஷ் (நீர்த்த கருநிறப் பூச்சு) ஓடும்போது கறுப்புப் புள்ளியா நிற்கும்.

பெகு பட்டறை | 16 ஜூன், காலை 6.15

பக்கத் தட்டுகள். குண்டு அடுக்குக்கு நேரே வெளியே கூடுதல் கவசம் பற்ற வெச்சிருப்பாங்க, வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. அசலில் ஒரு அங்குலத் தடிப்பு, அளவில் 0.73. ஆகவே 0.75 ஷீட். ஓரங்களில் அறுத்த தடம் தெரியணும், அதனால் கூர்மையா விடாமல் கத்தியால் நெடுக லேசாச் சுரண்டுங்க.

தாலா ஓடம் | 19 ஜூன், மாலை 6.00

டிராக் எச்சரிக்கை. டாமியா பெட்டியின் டிராக் எம்4க்கானது, எம்4ஏ4 உடலில் எட்டாது. இழுத்து மாட்டினால் ஐட்லர் அச்சு உள்பக்கம் சாயும். டிராகன் டிராக்கையே போடுங்க. தனித்தனிக் கண்ணி வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் 166, முன்தட்டில் கட்டுகிற உபரிக்கு ஒரு பத்து.

மென்மையான வினைல் டிராக் என்றால் சக்கரத்துக்கு முழுக்க பெயின்ட் அடிச்ச பிறகே மாட்டுங்க. வினைலில் உள்ள எண்ணெய் நம்ம வெக்கையில் கசிஞ்சு, மொட்டைப் பிளாஸ்டிக்கைத் தொட்ட இடத்தைக் கரைக்கும். வருஷம் கழிச்சுப் பார்த்தால் சக்கரத்தில் டிராக்கின் பல் பதிஞ்சிருக்கும். பெட்டியில் வைக்கும்போதும் டிராக்கை ஸ்ப்ரூவோடு போடாமல் தனியாச் சுற்றி வையுங்க.

மோல்மீன் 35 | 20 ஜூன், காலை 7.00

பேச்சு கொஞ்சம் விலகுது, பரவாயில்லை. பர்மா என்றால் எல்லோரும் 1945க்கே போறாங்க. 1942 பிப்ரவரியில் ரங்கூனில் இறங்கிய 7வது கவச பிரிகேடின் ஸ்டூவர்ட் டாங்குகளை யாராவது கட்டுங்களேன். பின்வாங்கும்போது சிந்த்வின் ஆற்றங்கரையில் எல்லாவற்றையும் அழிச்சுட்டுப் போனாங்க. ஒன்றே ஒன்றுதான் அக்கரை சேர்ந்தது, பெயர் "கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து". பிறகு அதன் டரெட்டைக் கழற்றிட்டு, 7வது லைட் கேவல்ரி அதைத் திரும்ப பர்மாவுக்கே ஓட்டிக்கொண்டு வந்தது. டரெட் இல்லாத ஸ்டூவர்ட் என்றால் உள்ளே வளையத்தின் அடிப்பக்கம் வரைக்கும் தெரியும், வெறும் ஷீட்டில் செய்ய வேண்டியது நிறைய. அது ஒரு முழு மழைக்கால வேலை.

தட்டோன் தம்பி | 2 ஜூலை, இரவு 9.20

பெயின்ட் அடிச்சேன். பச்சை காய்ந்ததும் மேலெல்லாம் வெண்புகை படிஞ்ச மாதிரி இருக்கு. துடைச்சால் போகவில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிச்சிருச்சா?

பெகு பட்டறை | 2 ஜூலை, இரவு 10.10

பூஞ்சை ஒரே நாளில் வராது. லாக்கர் தின்னர் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்பு குளிருது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனி மாதிரி படியுது, பெயின்ட் அதைப் பிடிச்சுக்கிட்டே உறைஞ்சிடுது. ஜூலை மழையில் கதவைத் திறந்து வெச்சு அடிச்சால் நிச்சயம் வரும்.

சுரண்ட வேண்டாம். ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) கலந்த லாக்கர் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் ஊற்றி, 20 செ.மீ. தூரத்திலிருந்து மூடுபனி மாதிரி ஒரு கை. மேற்பரப்பு மறுபடி இளகி ஈரத்தை விட்டுடும், வெண்மை மறையும். அடுத்த பூச்சுக்குத் தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிட்டார்டர். காற்றில் ஈரம் குறைவது நண்பகலுக்கு மேலேதான், மழை விட்ட மதியத்தில் அடிங்க. மாடலை ஒரு அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்போடு அரை மணி வெச்சு, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் எடுத்து அடிச்சால் ஈரம் படியாது. பல்புக்கும் மாடலுக்கும் ஒரு முழம் இடைவெளி வேணும். பிளாஸ்டிக் சீக்கிரம் வளையும்.

சூப்பர் குளூ இதற்கு நேர்மாறு. ஈரத்தில்தான் அது இறுகும். மழைக்காலத்தில் பாட்டில் மூடியிலேயே கட்டியாயிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு ஜாடிக்குள் வையுங்க.

தாலா ஓடம் | 3 ஜூலை, காலை 8.40

மதியத்தில் அடிக்கச் சொல்றீங்க, எங்க பக்கம் மதியத்தில்தான் லைட் போகும். கம்ப்ரசர் ஓடாது.

மோல்மீன் 35 | 3 ஜூலை, மாலை 5.15

ரிம்மோடு இருக்கும் உபரி கார் டயர். பம்பில் 30 பிஎஸ்ஐ நிரப்பி, வால்வில் மாட்டும் இணைப்பு ஒன்று, நடுவில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி, அப்புறம் ஏர்பிரஷ். 30இலிருந்து 15க்கு இறங்கும்வரை ஒரு சாதாரண டயர் சுமார் மூன்று நிமிடம் தாங்கும். ஒரு டரெட்டுக்கு ஒரு பூச்சு ஆகும். கம்ப்ரசரைப் போல அதிராது, காற்று சீரா வரும். டயருக்குள் ரப்பர் தூசி இருக்கும், வடிகட்டி இல்லாமல் மாட்டவே மாட்டாதீங்க.

தட்டோன் தம்பி | 9 ஜூலை, இரவு 9.50

வெண்மை போயிடுச்சு! இப்போ தூசிப் பூச்சு. தனக்கா அரைச்ச பொடி வீட்டில் இருக்கு, நிறம் மெய்க்டிலா புழுதி மாதிரியே இருக்கு. போடலாமா? இல்லாட்டி வீட்டு வாசல் செம்மண்ணைச் சலிச்சுப் போடவா?

பெகு பட்டறை | 10 ஜூலை, காலை 6.20

தனக்கா மரப்பட்டை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். நிறம் அழகுதான், ஆனா அது முகத்துக்கே இருக்கட்டும்.

வாசல் செம்மண்ணும் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், நல்லாக் கட்டின மாடல்கள் கெடுகிற இடம் இது. நமக்கு பர்மா என்றால் மழை, செம்மண், சேறு. ஆனா மெய்க்டிலா நடுநாட்டு வறண்ட பகுதி. 17வது இந்திய டிவிஷனும் 255வது பிரிகேடும் அந்த ஊரை எட்டினது பிப்ரவரிக் கடைசியில், ஊரைப் பிடிச்சது மார்ச் முதல் வாரத்தில், மாதம் முழுக்கச் சண்டை. மழை தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கு. சக்கரத்தில் ஈரச் சேறு ஒட்டியிருக்காது. கள்ளியும் பனையும் நிற்கிற பூமி, வெளிறின பழுப்புப் புழுதி எல்லாத்துமேலும் படிஞ்சிருக்கும், எஞ்சின் எண்ணெய் கசிந்த இடத்தில் மட்டும் அது கறுத்து ஒட்டியிருக்கும். கீழே கனமா, மேலே போகப் போக மெல்லிசா.

நிறத்துக்கு டாமியா எக்ஸ்எஃப்-57 பஃப், அதில் எக்ஸ்எஃப்-52 எர்த் நாலில் ஒரு பங்கு. தொண்ணூறு சதம் தின்னர், பத்து சதம் பெயின்ட். டிராக்கும் போகியும் மூன்று கை, பக்கத் தட்டின் கீழ்ப்பாதி இரண்டு கை, மேலே ஒன்று. காய்ந்ததும் தின்னர் நனைச்ச தட்டை பிரஷால் மேலிருந்து கீழே இழுங்க, ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் முழுக்கத் துடைச்சிடுங்க.

நிஜ மண் போடணும் என்று ஆசை இருந்தால் அந்தப் பக்கத்து மண்ணையே யாரிடமாவது சொல்லி ஒரு தீப்பெட்டி அளவு வாங்குங்க. அடுப்பில் 100 டிகிரியில் அரை மணி வறுத்து, நைலான் காலுறையில் இரண்டு மடிப்பா சலியுங்க. கணக்கு நினைவிருக்கட்டும்: 0.1 மி.மீ. மணல் துகள் அளவில் 3.5 மி.மீ. சரளை. சலிக்காத மண் போட்டால் டாங்கு கல்குவாரியில் நிற்பது போல இருக்கும்.

மோல்மீன் 35 | 10 ஜூலை, இரவு 8.30

அடிப்பச்சை என்ன கலந்தீங்க?

பெகு பட்டறை | 10 ஜூலை, இரவு 9.00

எக்ஸ்எஃப்-62 மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-58 ஒரு பங்கு. கூரைத் தட்டுகளுக்கு மட்டும் பஃப் இரண்டு சொட்டு கூட்டிக்கணும். தூசி மேலே ஏறினால் எல்லாம் ஒரு படி வெளிறும், அதனால் அடிப்பூச்சு கொஞ்சம் ஆழமா இருக்கட்டும்.

ஸ்குவாட்ரன் (டாங்குப் படையின் உட்பிரிவு) குறி டெகாலில் (ஒட்டுப்படத்தில்) இல்லாவிட்டால் கையால் போடலாம்: தலைமையகத்துக்கு வைரம், ஏ முக்கோணம், பி சதுரம், சி வட்டம், எல்லாமே உள்ளே வெற்று. முதலில் வெளி வடிவத்தை நிறத்தில் அடிச்சு, அதே வடிவத்தில் ஒரு மில்லிமீட்டர் சின்னதா டேப் வெட்டி, நடுவை மறைக்காமல் பச்சையால் திரும்ப நிரப்புவது சுலபம்.

பெகு பட்டறை | 11 ஜூலை, காலை 6.05

நேற்று எழுதினது குழப்பம், திருத்தறேன். டேப் வடிவத்தை வெட்டும்போது உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு சட்டம் வரும். நிறம் காய்ந்ததும் அந்தச் சட்டத்தை ஒட்டணும், நடு திறந்திருக்கணும். அப்போதான் பச்சை நடுவில் மட்டும் விழும்.

தாலா ஓடம் | 14 ஜூலை, மதியம் 2.10

கமாண்டர் பொம்மைக்குச் சீக்கியத் தலைப்பாகை எபாக்ஸி புட்டியில் செய்தேன், பானை கவிழ்த்த மாதிரி வருது.

மோல்மீன் 35 | 14 ஜூலை, இரவு 7.45

ஒரே உருண்டையா வெச்சிருப்பீங்க. முதலில் தலையை நெற்றிக்கு மேலே சமமா அறுத்துச் சின்ன உருண்டை ஒன்று வெச்சு இறுகவிடுங்க. மறுநாள் புட்டியை டால்கம் பவுடர் தூவின கண்ணாடியில் அரை மில்லிமீட்டருக்கு உருட்டி, 1.5 மி.மீ. நாடாவா வெட்டி, காதிலிருந்து எதிர் நெற்றிக்குச் சரிவா ஏழெட்டுச் சுற்று. ஒவ்வொரு பக்கமும் நெற்றி நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூரை மாதிரி முட்டணும். ஈரப் பிரஷால் ஓரத்தை மட்டும் தடவுங்க. மடிப்பு அதுவா விழும்.

தட்டோன் தம்பி | 28 ஜூலை, இரவு 10.00

முடிஞ்சுது. டரெட் சுழலுது, புடைப்பில் உரசவில்லை. மேஜையில் மிச்சம்: ஃபயர்ஃப்ளை டரெட், 17 பவுண்டர் குழாய், ஓட்டை விழுந்த டாமியா உடல். தூக்கிப் போட மனசு வரவில்லை.

பெகு பட்டறை | 28 ஜூலை, இரவு 10.20

போடாதீங்க! எம்4 உடலில் 17 பவுண்டர் ஏற்றினால் அது ஷெர்மன் ஐசி, அதுவும் நிஜ டாங்குதான், வடமேற்கு ஐரோப்பாவில் ஓடினது. மெஷின்கன் அறுத்து எடுத்த ஓட்டைக்குப் பின்னால் 0.5 ஷீட் வெச்சு மூடி, மேலே நீங்க ஒட்டாமல் வெச்ச அந்த இரும்பு அடைப்பை ஒட்டுங்க. அது உட்கார வேண்டிய இடமே அதுதான். டாமியா டிராக்கும் 79 கண்ணியோடு இந்த உடலுக்குச் சரியா வரும். டரெட் வளையத்தை மட்டும் திரும்ப அளங்க, இந்தத் தடவை டிராகன் வளையம் டாமியா ஓட்டைக்குள் போகுது, நாடாவுக்குப் பதில் தேய்க்க வேண்டி வரலாம். பக்க அறைகளின் அடியை மூட மறக்காதீங்க, மோல்மீன் அண்ணன் ஜூன் 5 சொன்னது.

தட்டோன் தம்பி | 29 ஜூலை, காலை 6.40

அளந்தேன். 0.4 தேய்க்கணும். அட்டையில் பக்க அறை அச்சு வெட்டியாச்சு.